பிபின்சந்திராவின் மௌனமும் புதிய கணக்கு எண்ணும்

சேவந்திலால் பரீக் வீட்டில் சம்வத்சரி நாள் விடியும்போது யாருக்கும் ஒரு காசு பாக்கி இருக்கக் கூடாது. ஜைனர்களின் எட்டு நாள் பரியூஷண நோன்பின் கடைசி நாளான அன்று ஒவ்வொருவரும் மற்றவர் முன் கைகூப்பி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்வார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கையை மட்டும் கூப்புவது பரீக் குடும்பத்துக்குப் பழக்கமில்லை. சூரத் மஹிதர்புரா வைரச் சந்தையில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டும் என்பதில் சேவந்திலாலுக்கு அக்கறையும் உண்டு.

இந்த வருஷம் ஒரே ஒரு பாக்கிதான் நின்றது. ஆனால் பெரிய பாக்கி. வெளிநாட்டில், ஆண்ட்வெர்ப் வைரச் சந்தையில் இருக்கும் பிபின்சந்திரா கோத்தாரியிடம் வாங்கிய கச்சாக் கற்களுக்கு நாலு லட்சத்துச் சொச்சம் டாலர் அனுப்ப வேண்டும். கற்கள் ஏற்கெனவே கதார்காமில் உள்ள அவர்கள் பட்டறைக்குப் போய்விட்டன. சேவந்திலாலின் மகன் பாரஸ் அங்கே நின்று பட்டை தீட்ட வைத்துக்கொண்டிருந்தான். பணத்தைத்தான் இன்று மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும். நாளை சம்வத்சரி.

பிபின்சந்திராவும் சேவந்திலாலும் பாலன்பூரில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இத்தனை வருஷக் கொடுக்கல் வாங்கலில் ஒருவர் வாக்கை மற்றவர் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. அந்தப் பெருமையைச் சேவந்திலால் சபைகளில் சொல்லிக்கொள்வார். கழுத்தை நிமிர்த்தி, குரலை உயர்த்தாமல் சொல்வார். அப்படிச் சொல்கிறவரைப் பார்த்து யாரும் சிரிக்கத் துணிந்ததில்லை.

நாலு நாள் முன்பு பிபின்சந்திராவிடமிருந்து மெயில் வந்தது. எப்போதும் வரும் முகவரிதான். போன மாதம் அவர் அனுப்பிய பில்லுக்குக் கீழேயே தொடர்ச்சியாக வந்திருந்தது. தொகையும் சரி, கல்லின் கேரட்டும் சரி. தணிக்கை நடப்பதால் பழைய வங்கிக் கணக்கை மூடுகிறோம், பணத்தைக் கீழ்க்கண்ட புதிய கணக்குக்கு அனுப்பவும் என்றிருந்தது. கூடவே ஒரு வரி: பரியூஷணம் முழுவதும் மௌனம் அனுசரிக்கிறேன், போனில் கூப்பிட வேண்டாம், சந்தேகம் இருந்தால் இந்த மெயிலுக்கே எழுதுங்கள்.

பிபின்சந்திரா எட்டு நாள் வாய் திறப்பதில்லை என்ற சங்கல்பத்தை எடுத்துக்கொண்டது சேவந்திலாலுக்கு முன்பே தெரியும். கேட்டபோது கண்ணில் நீர் வந்தது. இந்த வயதில் என்ன வைராக்கியம் என்று ஒரு வாரமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மெயிலைப் படித்து வைத்திருந்தவர், இன்று காலையில் குளித்துப் பூஜை முடித்து வந்து, தன் முதல் ஒப்புதலை வங்கிக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த நிறுவனத்தில் வெளிநாட்டுப் பணம் போக இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும். முதல் ஆள் சேவந்திலால். இரண்டாவது ஆள் மருமகள் ஜிக்னா. ஆடிட்டருக்குப் படித்தவள். பாரஸைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பணத்தின் போக்குவரத்து அவள் கையில் இருந்தது. கதவுக்கு எதிரே அவள் மேஜை. அவள் தலை நிமிர்ந்து பார்க்காமல் எதுவும் உள்ளே வராது, எதுவும் வெளியே போகாது.

மதியம் வங்கியிலிருந்து தேசாய் கூப்பிட்டான். அந்நியச் செலாவணிப் பிரிவின் அதிகாரி. இனிக்கப் பேசுகிறவன்.

“சேட்ஜி, உங்க கையெழுத்து காலைலயே வந்துடுச்சு. ஜிக்னா பென் இன்னும் ஒப்புதலை அமுக்கல. இன்னும் ஒரு மணி நேரத்துல பணம் அனுப்பற எங்க ஜன்னல் மூடிடும். நாளைக்கு லீவு.”

சேவந்திலால் போனைக் கையால் மூடிக்கொண்டு மருமகளைப் பார்த்தார். அவள் எழுந்து வந்து நின்றாள். காலையிலிருந்து நாலு தடவை பிபின்சந்திராவின் பழைய போன் எண்ணுக்குக் கூப்பிட்டதாகவும், அணைத்து வைத்திருக்கிறது என்றும், குரலைக் கேட்காமல் புதிய கணக்குக்கு அனுப்ப முடியாது என்றும் சொன்னாள். அது அவளே வைத்த சட்டம். கணக்கு எண் மாறினால், நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் கூப்பிட்டு, நமக்குத் தெரிந்த குரல் சொன்னால்தான் மாற்றம். மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணில் கூப்பிட்டாலும் செல்லாது.

“மௌனத்துல இருக்கிறவர்கிட்ட குரலைக் கேக்கறியா?” என்றார் சேவந்திலால். “மெயில்ல கேளு. எழுதச் சொல்லித்தான எழுதியிருக்கான்.”

“மெயில்ல கேட்டா மெயில்தான் பதில் சொல்லும், பப்பாஜி. பிபின் காகா சொல்ல மாட்டார்.”

அவருக்குச் சுருக்கென்றது. போனில் தேசாய் இன்னும் காத்திருந்தான். ஜிக்னா அந்தப் போனை வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டு, ஒரே ஒரு விஷயம் கேட்டாள். அந்த ஊர் வங்கி, நாம் எழுதுகிற பெயரும் எண்ணும் ஒரே ஆளுடையதா என்று பார்க்குமா?

தேசாய் கொஞ்சம் இழுத்தான். “சில இடத்துல பார்ப்பாங்க பென். நம்பி இருக்க முடியாது. எண் சரியா இருந்தா வரவு வெச்சிடுவாங்க. பேர் கோத்தாரின்னு இருந்தா என்ன, கோவிந்தன்னு இருந்தா என்ன.”

“போட்டப்புறம்?”

“போட்டப்புறம் திருப்பிக் குடுன்னு நாங்க கேக்கலாம். குடுக்கறது அவங்க இஷ்டம். அதுக்குள்ள அந்தாளு எடுத்துட்டா யாரு குடுப்பா?”

சேவந்திலாலுக்கு இந்த அனுப்புதலின் மீது எப்போதுமே ஒரு வியப்பு உண்டு. பணம் ஓரடிகூட நகர்வதில்லை. சூரத் வங்கி மும்பைக்குச் சொல்கிறது, மும்பை நியூயார்க்கில் இருக்கும் ஒரு வங்கிக்குச் சொல்கிறது, அது ஆண்ட்வெர்ப்புக்குச் சொல்கிறது. ஒவ்வொருவரும் முந்தியவர் சொன்னதை நம்பித் தன் புத்தகத்தில் ஒரு பக்கம் கழித்து மறு பக்கம் சேர்க்கிறார்கள். கடல் கடந்து போவது வெறும் வாக்கு. உலகம் முழுக்க இத்தனை பேர் முகம் பார்க்காமல் ஒருவர் வாக்கை ஒருவர் காப்பாற்றுகிறார்களே என்று நினைத்து மகிழ்வார். முதலில் சொல்கிறவன் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பையும் அதே நாணயத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பது அவருக்கு இன்றுதான் உறைத்தது. உறைத்தாலும் மனம் வளைய மறுத்தது.

தேசாயைப் போனை வைக்கச் சொல்லிவிட்டு அவர் பேசினார். இத்தனை வருஷம் கேட்காததை இந்த நாளில் போய், ஜபத்தில் உட்கார்ந்திருக்கிறவனை எழுப்பி, நீ எழுதினது நீ எழுதினதுதானா என்று கேட்பதா? நம்மைப் பார்த்து அவன் அப்படிக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? இன்றைக்குப் பணம் போகவில்லையானால் பரீக் வீடு சம்வத்சரிக்குப் பாக்கி வைத்தது என்ற பேச்சு சந்தையில் தங்கிவிடும். அதையும் சொன்னார்.

ஜிக்னா தலை குனியவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. இந்தத் தொகை தவறான கைக்குப் போனால், பட்டறையில் முந்நூறு பேருக்குத் தீபாவளி போனஸ் கிடையாது, பிபின் காகாவுக்கு இன்னொரு தடவை அனுப்ப நம்மிடம் ஒன்றும் கிடையாது, அப்புறம் எந்தப் பேச்சு சந்தையில் தங்கும் என்று பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“நான் அமுக்க மாட்டேன், பப்பாஜி. என் பேரை வங்கியிலேர்ந்து எடுத்துடணும்னா எடுத்துடுங்க. அந்தக் காகிதத்துல இப்பவே கையெழுத்து போடறேன். இதுல போட மாட்டேன்.”

அவர் வீட்டில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தாமல், குரலை உயர்த்தாமல் அவள் நின்ற நிலை அவருக்கு எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. அது தன் நிலைதான் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பிபின் காகா கையால ஒரு பொட்டலம் வாங்கினா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் ஜிக்னா.

“என்ன பண்ணுவேன்? எடை போடுவேன்.”

“அவர் எதிர்லயா?”

“பின்ன, அவர் போனப்புறமா?”

“அவர் கோவிச்சுக்குவாரா?”

கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. வைரச் சந்தையில் ஒரு பொட்டலம் கை மாறும்போதெல்லாம் வாங்குகிறவன் தராசில் வைத்தாக வேண்டும். தகப்பன் கொடுத்தாலும் மகன் வைப்பான். அதில் மானமும் இல்லை, அவமானமும் இல்லை. பார்க்காமல் பையில் போட்டுக்கொள்கிறவனைத்தான் ஆளாக மதிக்க மாட்டார்கள். நாளை குறைகிறது என்று வந்து நின்றால் என்ன செய்வது? அவனுக்குக் கல் கொடுக்கவே பயப்படுவார்கள். பிபின்சந்திராவோ, நீ தராசைத் தொடாவிட்டால் நான் பொட்டலத்தை விட மாட்டேன் என்று கையிலேயே பிடித்துக்கொள்கிற ஆள்.

“இந்தக் கணக்கு எண்ணும் ஒரு பொட்டலந்தான், பப்பாஜி” என்றாள் ஜிக்னா. “யார் யார் கை வழியா வந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. அவர் எதிர்ல எடை போடுங்கன்னு சொல்றேன். அவ்ளோதான்.”

சேவந்திலால் தன் போனை எடுத்தார். பிபின்சந்திராவை ஜபத்திலிருந்து எழுப்புகிற உரிமை இந்த உலகத்தில் யாருக்காவது இருக்கிறதென்றால் அது தனக்குத்தான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த வேலையை மருமகளிடம் விடவில்லை.

பிபின்சந்திராவின் மனைவி கோகிலாவின் எண் அவரிடம் பல வருஷமாகவே இருந்தது. அவளும் உபாசிரயம் என்ற ஜைன மடத்தில்தான் இருப்பாள், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தாள். காய்ச்சிய தண்ணீர் எடுத்துப்போக வீட்டுக்கு வந்ததாகச் சொன்னாள். உபவாசத்தில் குரல் மெலிந்திருந்தது.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். பிபினை ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும், படத்தோடு பேசுகிற அழைப்பில்.

“சேவந்திபாய்,” என்றாள் கோகிலா, “கல்யாணம் ஆன நாளா இந்த மனுஷன் எட்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டாரான்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். ஏழு நாள் ஆச்சு. நீங்க வந்து கெடுக்கப் போறீங்களா?”

“அவன் பேச வேணாம், கோகிலா பாபி. தலையை ஆட்டினா போதும்.”

“சைகையும் கிடையாதுன்னு சங்கல்பம். தண்ணி வேணுமான்னா கல்லு மாதிரி உக்காந்திருக்கார்.”

ஆனாலும் போனாள். நடக்கும்போதே படத்தோடு பேசும் அழைப்புக்கு மாற்றி வைத்திருந்ததால், ஆண்ட்வெர்ப்பின் தெருக்கல்லும் அவள் புடவைக் கரையும் திரையில் ஆடிக்கொண்டு வந்தன. ஜிக்னா மாமனாரின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். மேஜையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தேசாயின் அழைப்பு ஒன்று வந்து, எடுக்க ஆளில்லாமல் அடங்கியது.

உபாசிரயத்தின் வெளி வராந்தாவில் பிபின்சந்திரா தெரிந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மேல்துண்டு, கண்ணாடி இல்லாத முகம். மெலிந்திருந்தார். திரையில் நண்பனைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. வாய் திறக்கவில்லை.

சேவந்திலால் எழுந்து நின்றுகொண்டார். வணக்கம் சொன்னார். பிறகு, இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டார்.

“பிபின், உன் பேர்ல மெயில் வந்திருக்கு. பழைய கணக்கை மூடிட்டதாவும், பணத்தைப் புது வங்கிக்கு அனுப்பச் சொல்லியும். நீ எழுதினதா? ஆமான்னா கண்ணை மூடித் திற. நான் போனை வெச்சிடறேன்.”

பிபின்சந்திரா கண்ணை மூடவில்லை. அவர் முகம் மாறிக்கொண்டே வந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள். கோகிலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். ஏழு நாள் பேசாத தொண்டையிலிருந்து குரல் கரகரத்து வந்தது.

“அனுப்பிட்டியா?”

“இல்ல.”

பிபின்சந்திரா சுவரில் சாய்ந்துகொண்டார். கணக்கு எதுவும் மாறவில்லை, தான் எதுவும் எழுதவில்லை என்று சொன்னார். நாலு லட்சம் டாலரைச் சேவந்திலால் அப்போது நினைக்கவில்லை.

“உன் நோன்பைக் கலைச்சிட்டேன், பிபின்.”

“நீ எங்க கலைச்ச? நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன், எவனோ என் வாயால பேசிக்கிட்டு இருந்திருக்கான். அவன் பேசறப்போ நான் பேசாம இருந்தா அது என்ன மௌனம்? இங்க இருக்கற சாமியார் மகராஜ்கிட்ட பிராயச்சித்தம் கேட்டுக்கறேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “உன்னைக் கேக்க வெச்சது யாரு? நீயா கேட்டிருக்க மாட்ட. எனக்கு உன்னைத் தெரியும்.”

சேவந்திலால் நகர்ந்து மருமகளைத் திரைக்கு முன்னால் விட்டார்.

ஜிக்னா வணங்கிவிட்டு, நேரம் கடத்தாமல், பழைய கணக்கின் கடைசி நாலு எண்ணை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னாள். பிபின்சந்திரா சொன்னார். தன்னிடம் இருந்ததோடு ஒத்துப்பார்த்தாள். அந்தத் திருடன் பல வாரமாக அவருடைய மெயில் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும், மௌனம் இருக்கப்போவதையும் அங்கேதான் தெரிந்துகொண்டிருப்பான், அதற்காகவே காத்திருந்து எழுதியிருக்கிறான் என்றாள். வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொன்னாள். அவருடைய வங்கிக்கும் சொல்லிவிடச் சொன்னாள். பிறகு தன் மேஜைக்குப் போய், காலையில் போட்டதை ரத்து செய்து, பழைய கணக்குக்குப் புதிதாக எழுதினாள். சேவந்திலால் தன் ஒப்புதலை அமுக்கினார். அவள் அமுக்கினாள். ஜன்னல் மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு தேசாய் கூப்பிட்டு, பணம் போய்விட்டது என்றான். ஏன் தாமதம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவர்கள் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்.

பரீக் வீட்டுக்கு இனி பாக்கி இல்லை. அத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பிபின்சந்திரா போனை வைக்கும் முன் ஒன்று கேட்டிருந்தார். சூரத்தில் இன்னும் மூன்று பேர் அவரிடம் கல் வாங்குகிறவர்கள். மும்பைக்காரர்களிடம் அவரே பேசிவிடுவார். சூரத்துக்குச் சேவந்தி சொல்ல வேண்டும்.

சொல்வதென்றால் என்ன சொல்வது? என் நண்பனின் பெட்டியில் திருடன் புகுந்தான், நான் நம்பினேன், என் கையால் முதல் ஒப்புதலும் கொடுத்துவிட்டேன் என்றா? இந்தச் சந்தையில் ஏமாந்தவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. இழந்ததை விழுங்கிக்கொண்டு, அடுத்த நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார்கள். அதனால்தான் அடுத்தவனும் அதே குழியில் விழுகிறான்.

“நான் பேசட்டுமா பப்பாஜி?” என்றாள் ஜிக்னா.

“என்கிட்டதான் சொன்னான்” என்றார் அவர்.

முதல் ஆளுக்கு மெயிலே வரவில்லை. இரண்டாவது ஆளுக்கு வந்திருந்தது. நோன்பு முடிந்து அனுப்பலாம் என்று வைத்திருந்தான். அவன் சேவந்திலாலுக்கு நூறு தடவை நன்றி சொன்னான். மூன்றாவது ஆள் சிமன்லால் ஜவேரி. அவரைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. பரீக் குடும்பம் எப்போது சறுக்கும் என்று இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர்.

சேவந்திலால் எதையும் மறைக்காமல், எதையும் குறைக்காமல் சொன்னார். தான் அமுக்கினதையும் சொன்னார். மருமகள் மறுத்ததையும் சொன்னார்.

சிமன்லால் சிரித்தார். “அப்போ உன் வீட்ல இப்ப வஹு ராஜ்ஜியம்னு சொல்லு. சேவந்திலால் பரீக் உத்தரவு போட்டா மருமக கேக்கறதில்ல.”

“கேக்கல” என்றார் சேவந்திலால். “கேக்காததாலதான் நான் இப்ப உன்கிட்ட நிமிந்து பேசிட்டு இருக்கேன். இதை நீயே நாளைக்கு சந்தையில சொல்லு. நான் சொன்னதாவே சொல்லு. உனக்கும் அந்த மெயில் வந்துச்சா, சிமன்?”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“வந்துச்சு.”

“அனுப்பிட்டியா?”

“காலைல.” சிமன்லாலின் குரல் அடையாளம் தெரியாமல் போயிருந்தது. “பிபின் மௌனத்துல இருக்கான்னு போட்டிருந்துச்சு. எப்படிக் கூப்பிடறது? நீயே சொல்லு, எப்படிக் கூப்பிடறது?”

ஜிக்னா ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் போன செய்தியை இன்னொரு செய்தி துரத்திப் பிடிக்க வேண்டும். வழியில் ஏதாவது ஒரு வங்கியில் அது தங்கியிருந்தால் உண்டு, இல்லையானால் இல்லை. சிமன்லால் இந்த நிமிஷமே தன் வங்கியைக் கூப்பிட்டு மோசடி என்ற வார்த்தையைச் சொல்லித் திருப்பி அழைக்கச் சொல்ல வேண்டும், சைபர் போலீசில் பதிய வேண்டும், எந்த மெயிலையும் அழிக்கக் கூடாது. வெட்கப்பட்டுக்கொண்டு நாளை பார்க்கலாம் என்று இருந்தால் நாளை பார்க்க ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் அவள் மாமனாரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனுக்குக் கையை நீட்டினாள்.

“சிமன்,” என்றார் சேவந்திலால், “என் மருமக பேசறா. அவ சொல்றதை வரிக்கு வரி செய். எதிர்த்துப் பேசாத. நான் பேசிப் பார்த்துட்டேன்.”

போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் எழுதிக்கொள்ள வசதியாக தன் மேஜையிலிருந்த வைரத் தராசைத் தூக்கி நகர்த்தி வைத்தார்.